எங்கள் போனுக்கு எங்கள் மொழியில் எச்சரிக்கை வேண்டும்

மேன்மைதங்கிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

கண்டி நகரத்தை அடுத்த பகுதியில் கைத்தொலைபேசி விற்று, திருத்திக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். கட்சி எதிலும் இல்லை. சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டத்துத் தமிழர் எல்லோருடைய போனும் என் மேசைக்கு வருகிறது. நாட்டில் ஏதாவது நடந்தால் அது மக்களுக்கு எப்படித் தெரியவருகிறது, எவ்வளவு தாமதமாகத் தெரியவருகிறது என்பதை அந்த மேசையில் இருந்தே பார்த்து வருகிறேன். பாதுகாப்பு அமைச்சும் டிஜிட்டல் பொருளாதார அமைச்சும் உங்கள் கையிலேயே இருப்பதால் இந்த மடலை வேறு எவருக்கும் அனுப்பாமல் உங்களுக்கே எழுதுகிறேன். அனர்த்தம் வரும்போது மக்களை எச்சரிப்பதும், போன் வலையமைப்பு எப்படி இயங்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் ஒரே ஆளின் பொறுப்பில் இருப்பது எங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். மற்ற எல்லா மாவட்டங்களையும் விடக் கண்டியே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி ஊருக்குள் புகுந்தது. உடதும்பறை, ஹசலக்க பக்கமெல்லாம் மலை இறங்கியது. மின்சாரம் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை.

மழை விட்ட பிறகு, போன் சார்ஜ் போட்டுக்கொள்ள நிறையப் பேர் கடைக்கு வந்தார்கள். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்த ஒரு அம்மா, சார்ஜ் ஏறியதும் போனை என்னிடம் நீட்டி, "அண்ணே, இதுல நம்ம ஊரு பேரு இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். வாட்ஸ்அப் குழுவொன்றில் யாரோ பகிர்ந்த எச்சரிக்கை அது. எழுத்தாக இல்லை, படமாக இருந்தது. முழுக்கச் சிங்களம். பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய பிரிவு அதில் இருந்தது. படத்தின் மூலையில் இருந்த திகதியையும் பார்த்தேன். மண் சரிவதற்கு முதல்நாள் வெளியான எச்சரிக்கை. மின்சாரம் போவதற்கு முன்னரே அது அவருடைய போனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாசிக்கத்தான் அவருக்கு மொழி இல்லை. அவருடைய குடும்பத்தில் எல்லோரும் தப்பிவிட்டார்கள். பக்கத்து லயத்தில் தப்பவில்லை.

அந்தப் படத்தை வெளியிட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. வெளியிட்டவர் தன் கடமையைத்தான் செய்தார். அந்தச் செய்தி ஒரு தமிழ்ப் பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும் என்ற கடமை எவருக்கும் தனியாக ஒப்படைக்கப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே 16ஆம் திருத்தம் வந்து நிர்வாக மொழியையும் விரித்துச் சொன்னது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், உயிர் காக்கும் நேரத்தில் தமிழ் பிறகு வரும் மொழிபெயர்ப்பாகவே இருக்கிறது. மழை அதற்காகக் காத்திருப்பதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக விடுகிறது. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அளவீடு நன்றாகவே நடக்கிறது. அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்களை நான் மதிக்கிறேன். அதற்குப் பிறகு உள்ள கடைசி மைலில்தான் விஷயம் கெடுகிறது. படமாக வரும் செய்தியை எளிதில் பிரதி எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட முடியாது, கண் தெரியாதவருக்குப் போன் ஒழுங்காக வாசித்துக் காட்டாது, பட்டன் போனில் திறக்கவும் திறக்காது. தோட்டங்களில் இன்றும் எத்தனை பேர் பட்டன் போன் வைத்திருக்கிறார்கள் என்பதை என் கடைக்கு வந்தால் பார்க்கலாம். பேஸ்புக் பக்கத்தில் போட்டாயிற்று என்று சொல்வது போதாது. ரீலோட் தீர்ந்த போனில் பேஸ்புக் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறையை உலகின் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதற்கு யாருடைய இலக்கமும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பெடுத்து வலையமைப்பு நெரிந்து போனாலும் அந்தச் செய்தி போய்ச் சேரும். போன் அமைதியில் இருந்தாலும் உரத்து அலறும்படி செய்யலாம். 2023இல் இந்தியா மாநிலம் மாநிலமாக இதைப் பரீட்சித்துப் பார்த்தது. நம் நாட்டிலேயே 2009இல் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து போன் வழி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை ஆரம்பித்தன. சுனாமி கற்றுக்கொடுத்த பாடத்தில் பிறந்தது அது. அப்படியிருக்க 2025இல் எங்கள் மலைகளில் போன்கள் ஏன் அலறவில்லை என்பதை நீங்கள் கேட்டு, பதிலை எங்களுக்கும் சொல்ல வேண்டும்.

என் மச்சான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்காகப் பேசுவோம், பெரும்பாலும் அரசியலும் போன்களும்தான். அங்கே 2018 ஏப்ரலில் இருந்து அவசர எச்சரிக்கை நேரடியாகப் போனுக்கு வருகிறது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். 2020 ஜனவரி 12ஆம் திகதி காலையில் பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று அவருடைய போன் அலறியது. அது தவறுதலாக அனுப்பப்பட்ட செய்தி. தவறு என்று திருத்தம் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சனங்கள் கொதித்தார்கள், அரசாங்கம் விசாரித்து நடந்ததை வெளியிட்டது. "பிழை விட்டாங்கள்தான், ஆனா அலறும் என்டு தெரியும்" என்கிறார் மச்சான். யாழ்ப்பாணத்துக்காரர், அப்படித்தான் பேசுவார். அந்த நம்பிக்கை எங்களுக்கு இல்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2023 ஆகஸ்டில், செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தோடு முரண்பட்ட மெட்டா நிறுவனம், கனடா மக்களுக்குப் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளை நிறுத்திவிட்டது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கி யெலோநைஃப் நகரத்தில் சுமார் 20,000 பேர் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. செய்தி நிறுவனங்களின் செய்தியைப் பேஸ்புக்கில் பகிர முடியாத நிலையில் மக்கள் தவித்தார்கள். அவ்வளவு பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி. ஒரு கம்பனி தன் வியாபாரக் கணக்குக்காக எந்த நேரத்திலும் மூடிவிடக்கூடிய குழாயில் இருந்து எங்கள் குடிதண்ணீர் வரக் கூடாது.

இப்போது 2018க்கு வருகிறேன். கண்டியில் இருப்பவன் அதைச் சொல்லாமல் போனைப் பற்றிப் பேச முடியாது.

அந்த ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் ஒரு சிங்கள லொறிச் சாரதி தாக்கப்பட்டார். மார்ச் ஆரம்பத்தில் கண்டி வைத்தியசாலையில் அவர் இறந்து போனார். தாக்கியவர்கள் முஸ்லிம்கள். இடையில் அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்பது பிறகு பரிசோதனையில் தெரிந்தது. அந்த வதந்தி அதற்குள் எங்கள் பகுதிப் போன்களில் வீடியோவாக வந்து இறங்கியிருந்தது. மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகன எரிந்தது. பிறகு அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மெனிக்ஹின்ன. 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் எல்லாம் அடைப்பு.

அடைத்த பிறகு நடந்ததை என் மேசையில் பார்த்தேன். அடுத்த நாளே இளைஞர்கள், அடைப்பைத் தாண்டிப் போகும் வீபீஎன் செயலியைப் போட்டுத் தரச் சொல்லி வந்தார்கள், சிலர் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பழைய வீடியோக்களும் வந்தன, புதியவையும் வந்தன. வீபீஎன் தெரியாத தாய்மார்தான் ஊரடங்குக்குள் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்க வழியில்லாமல் நின்றார்கள். பொய் சொன்னவனுக்குப் பாதை இருந்தது, பயந்தவளுக்கு இல்லை.

சாரதி தாக்கப்பட்ட நாளுக்கும் அடைப்புக்கும் நடுவே பன்னிரண்டு நாட்கள் கிடந்தன. கைதானவர்கள் யார், வழக்கு எங்கே நிற்கிறது, மாத்திரைக் கதை பொய் என்பதையெல்லாம் கச்சேரியோ பொலிஸோ தினமும் இரண்டு மொழியிலும், குரலாகவும் எழுத்தாகவும் எங்கள் போன்களுக்கு அனுப்பியிருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

பேஸ்புக்கின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிங்களத்தில் பரவும் வெறுப்புப் பதிவுகளைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லேயே ஆய்வு வெளியிட்டு எச்சரித்தது. அந்த மொழியை வாசித்துப் பார்த்து நீக்கப் போதிய ஆட்களை அந்தக் கம்பனி வைத்திருக்கவில்லை. 2020 மே மாதத்தில்தான், தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. திகனவில் எரிந்த கடைக்காரர் அந்த மன்னிப்பை என்ன செய்வது?

ஆனால் பொய் போனில் மட்டும் பிறப்பதில்லை. 2019 மே மாதம் 'திவயின' பத்திரிகை, ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டது. குருநாகல் வைத்தியர் ஒருவரின் வாழ்க்கை அதில் நொறுங்கியது. குற்றத்தை நிரூபிக்க எதுவும் கிடைக்காமல், பல ஆண்டுகளின் பின் அவர் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். அது காகிதத்தில் வந்த பொய். அதே காகிதம் உண்மைக்கும் உதவியிருக்கிறது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் தொடங்கியது, தன் மக்கள் உலகத்தை அறிய வேண்டும் என்பதற்காக. அந்த ஊரில் இருந்துகொண்டு, இன்று எங்கள் மாவட்டத்துச் செய்தியைத் தமிழில் தேடினால் கொழும்புப் பத்திரிகைகளின் உள்பக்கத்தில் ஒரு துண்டுதான் கிடைக்கிறது.

2018க்குப் பிறகும் அரசாங்கங்களின் கை அதே பொத்தானைத்தான் தேடியது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு அடைத்தார்கள். அதே ஆண்டு மே மாதக் கலவரத்தின்போது மீண்டும் அடைத்தார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, அப்போதைய ஜனாதிபதிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வரும் நேரத்தில் அடைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைக்கே திறந்தார்கள். முதலிரண்டையும் வதந்தி, கலவரம் என்று சொல்லி நியாயப்படுத்தினார்கள். மூன்றாவது முறை கலவரமே இல்லை. ஒரு பொத்தானை ஒருவர் கையில் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதை நீங்களும் அந்தப் போராட்டக் காலத்தில் பார்த்தவர்தான்.

பிறகு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது. ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கலாம். பொய் என்று காணப்பட்டதைச் சொன்னவர் ஐந்து ஆண்டு வரை சிறை போகலாம். உங்கள் தேசிய மக்கள் சக்தி அன்று அதை எதிர்த்தது. ஆட்சிக்கு வந்த பிறகு திருத்துவோம் என்றும் உங்கள் அரசாங்கம் சொன்னது. அந்தத் திருத்தத்தைச் செய்யும்போது, தண்டிக்கும் பிரிவுகளை இறுக்குவதா தளர்த்துவதா என்பதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. அரசாங்கமே உண்மையை நேரத்துக்குச் சொல்லத் தவறினால் என்ன செய்வது என்றும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு வேண்டும். சமூக ஊடகத்தை அடைக்கும் உத்தரவு எதுவானாலும் யார் கொடுத்தது, என்ன காரணம், எப்போது முடியும் என்று அன்றே வர்த்தமானியில் வர வேண்டும். நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும்.

இனி எச்சரிக்கைக்குத் திரும்புகிறேன். போன் கம்பனிகளை அதற்கு இணங்க வைக்க முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவில்லாத போனை விற்கக் கூடாது என்று கண்டிப்பு வந்தபோது, எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் இருந்த சரக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பணிந்து நடந்தோம். ஒரு சின்னக் கடையைக் கட்டுப்படுத்த முடிந்த ஆணைக்குழுவுக்கு, உரிமம் பெற்ற கம்பனியிடம் இரண்டு மொழியில் எச்சரிக்கை அனுப்பு என்று சொல்லவும் முடியும். கோபுரங்களுக்கு மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பதையும் உரிமத்திலேயே எழுதலாம். அதுவும் போனால் வானொலி இருக்கிறது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில், மலையகத்துக்கான எச்சரிக்கை மணிக்கு ஒரு தடவை, ஊர்ப் பெயர்களோடு போக வேண்டும். தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை என்று பெயர் சொல்லி. "மத்திய மலைநாட்டின் சில பகுதிகள்" என்று கேட்டால் எந்தக் குடும்பமும் இரவில் எழுந்து நடக்காது.

தமிழில் எழுத ஆள் இல்லை என்றும் சொல்வார்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, தமிழ்த்துறை இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த பட்டதாரிகள் வேலை தேடி என் கடைக்கே வந்து போனில் விண்ணப்பம் நிரப்புகிறார்கள். கண்டிக் கச்சேரியில் இருபத்து நான்கு மணி நேரமும் அப்படி நான்கைந்து பேரை இருத்துவதற்கு எவ்வளவு செலவாகும் என்று உங்கள் நிதி அமைச்சு ஒரு நாளில் கணக்குப் போட்டுவிடும். அந்த அமைச்சும் உங்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த இடைப்பருவ மழைக்கு முன்பாக, ஒக்டோபர் தொடங்குவதற்குள், கண்டி மாவட்டத்தில் ஒரு பரீட்சை எச்சரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவித்து, எல்லாக் கம்பனிகளின் கோபுரங்களில் இருந்தும், சிங்களத்திலும் தமிழிலும் அனுப்பட்டும். அன்று என் கடைக்கு வரும் ஒவ்வொரு போனையும் வாங்கிப் பார்த்து, எந்தத் தோட்டத்தில், எந்தப் போனில், எந்த மொழியில், எத்தனை மணிக்கு வந்தது, எதில் வரவில்லை என்று எழுதி உங்கள் செயலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்களும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் சிங்களவர், ஒருவர் அக்குறணை முஸ்லிம். பரீட்சைக்கான நாளை மட்டும் நீங்கள் குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
கண்டியில் இருந்து ஒரு கடைக்காரன்