விதைநெல்லை விற்காத அணி

2021 டிசம்பர் 2. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். முடிந்தபோது ஸ்கோர் 152 - 79. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. என்.பி.ஏ. வரலாற்றில் இவ்வளவு பெரிய அடியை வேறெந்த அணியும் வாங்கியதில்லை.

அதே அணிதான் 2025 ஜூன் 22-ல் சாம்பியன் ஆனது. எப்படி?

கதை 2019 ஜூலையில் தொடங்குகிறது. நட்சத்திர வீரர் பால் ஜார்ஜ், தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கேட்டார். மனம் ஒட்டாதவரைப் பிடித்து வைத்துப் பயனில்லை. அவரைக் கொடுத்து என்ன வாங்குவது என்பதுதான் கேள்வி.

பொது மேலாளர் சாம் பிரெஸ்டி முன் இரண்டு வழிகள். ஒன்று, உடனே கைகொடுக்கும் அனுபவசாலிகளை வாங்குவது. அப்படிச் செய்தால் அணி மானத்தோடு ஆடும். ஆனால், நடுவிலேயே நின்றுவிடும். கோப்பையும் வராது, நல்ல புதுமுகங்களும் கிடைக்க மாட்டார்கள். காரணம், ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் கடைசி இடங்களில் இருக்கும் அணிகளுக்கே முன்வரிசை வாய்ப்பு அதிகம். இன்னொரு வழி, சில வருடங்கள் தோற்றாலும் பரவாயில்லை என்று இளைஞர்களையும் வருங்கால டிராஃப்ட் உரிமைகளையும் சேர்ப்பது.

பிரெஸ்டி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கிளிப்பர்ஸ் அணியிடமிருந்து 5 முதல் சுற்று உரிமைகள் வந்தன. கூடவே, ஒரே ஒரு சீஸன் ஆடியிருந்த 20 வயது ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டரும் வந்தார். அடுத்த சில நாள்களில், 11 சீஸன்கள் அங்கேயே ஆடிய ரஸல் வெஸ்ட்புரூக்கும் ஹூஸ்டனுக்குப் போனார். ரசிகர்களுக்கு வலிக்காமல் இருக்குமா?

வலி தொடர்ந்தது. 2020-21 சீஸனில் 72 ஆட்டங்களில் 22 வெற்றி. அடுத்த சீஸனில் 82-ல் 24. டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்களின் பொறுமைக்கும் இதில் பங்கு உண்டு.

இதற்கு நேர்மாறான பாடம் புரூக்ளின் நெட்ஸ். 2013-ல் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்க, வருங்கால டிராஃப்ட் உரிமைகளை பாஸ்டன் அணிக்கு அள்ளிக் கொடுத்தது. விருந்து வைக்க விதைநெல்லை விற்ற கதைதான். இரண்டு சீஸன் முடிவதற்குள் இருவருமே அணியில் இல்லை. அந்த உரிமைகளின் பலனாக ஜேலன் பிரவுன், ஜேஸன் டேட்டம் இருவரும் பாஸ்டனுக்குக் கிடைத்தார்கள். 2024-ல் கோப்பையும் வந்தது.

ஆனால், சேர்த்துக்கொண்டே போவதும் புத்திசாலித்தனம் அல்ல. தண்டர் 57 ஆட்டங்களில் வென்ற 2023-24 சீஸன் முடிந்ததும், 21 வயது ஜோஷ் கிடியைக் கொடுத்து 30 வயது அலெக்ஸ் கருசோவை வாங்கினார் பிரெஸ்டி. இளமையைக் கொடுத்து அனுபவத்தை வாங்கும் வேளை அப்போதுதான் வந்திருந்தது. தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரரான கருசோ, சாம்பியன் அணியின் முக்கியத் தூண்களில் ஒருவரானார்.

ஷாய்? 2024-25 சீஸனின் மிகச்சிறந்த வீரர். இறுதிச் சுற்றின் மிகச்சிறந்த வீரரும் அவரே. கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளில் ஒன்றால், 2022 டிராஃப்டில் 12-வது ஆளாகக் கிடைத்த ஜேலன் வில்லியம்ஸ் அவருக்குத் தோள் கொடுத்தார்.

நெல்லைச் சேர்த்து வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எப்போது விதைப்பது, எப்போது சமைப்பது என்பதும் தெரிய வேண்டும்.