குழந்தை கேட்டால்: வெயில் சுழற்றும் பாறை

"வானத்திலேயிருந்து ஒரு பாறை வந்து நம்ம மேலே விழப்போகுதாமே அம்மா, நெசமா?"

செல்போனில் எதையோ பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிற பிள்ளையை, "போய்ப் படி மக்கா" என்று அனுப்பிவிடுகிறோம். அடுக்களை வேலை அப்படி! ஆனால், ராத்திரி பயத்தில் அது புரண்டு புரண்டு படுக்கும்போது நம் தூக்கமும்தானே போகிறது? இந்த முறை அதற்குப் பதில் சொல்லிப் பார்ப்போம், சகோதரிகளே.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு முற்றத்து ஆட்டுரலைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடு இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கல் மெள்ளத்தான் திருப்பித் தரும். சூரியனைச் சுற்றித் திரியும் பாறைகளும், அதாவது சிறுகோள்களும், இதையேதான் செய்கின்றன. வெப்பம் வெளியேறும்போது கல்லைத் துளியூண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் போகும். படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னால் நகருமே, அதுபோல. ஆட்டுரலைத் தரை பிடித்துக்கொள்கிறது. ஆகாயத்தில் மிதக்கும் பாறையை யார் பிடிப்பது?

தள்ளல் என்னவோ அற்பம்தான். பூமி இருக்கும் தூரத்தில், ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் தள்ளல் ஒரு கடுகின் எடைகூட வராது. "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்பீர்கள். லட்சக்கணக்கான வருஷம் விடாமல் தள்ளினால் என்ன ஆகும், யோசியுங்கள்.

பிள்ளைகள் பனை ஓலையில் முள் குத்திக் காத்தாடி செய்வார்களே, ஓலை சற்றுத் திருகலாக இருந்தால்தான் அது சுற்றும். முப்பந்தல் காற்றாலைகளின் இறக்கையும் அப்படித்தான். பாறையும் கோணல்மாணலாக இருந்தால், ஒரு பக்கத்துத் தள்ளலும் மறுபக்கத்துத் தள்ளலும் சரிக்கட்டுவதில்லை. வெயிலே அதைக் காத்தாடியாக்கிவிடுகிறது. சில பாறைகள் வேகம் கூடும், சில பாறைகள் வேகம் குறையும், எல்லாம் அதனதன் வடிவத்தைப் பொறுத்தது.

வெப்பம் பாறையைத் தள்ளும் என்பதை 1900 வாக்கில் யார்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் ரஷ்யாவில் ஒரு சிறு பிரசுரத்தில் எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1909 வாக்கில் அதைப் படித்த எஸ்டோனிய வானியலாளர் ஓப்பிக், 1951இல் ஞாபகத்திலிருந்தே அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். (நமக்குப் போன வாரம் படித்த சமையல் குறிப்பு நினைவிருப்பதில்லை!) சுழற்சி மாறுவதைக் கண்ணாரக் கண்டது 2007இல்தான். மூன்று வள்ளுவர் சிலை உயரம்கூட இல்லாத ஒரு பாறை, 12 நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. வருஷத்துக்கு வருஷம் அந்தச் சுற்று நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவதை அளந்துவிட்டார்கள்.

பெரிய பாறைகளிடம் வெயிலின் ஜம்பம் சாயாது. 1866இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்திலிருந்து போக்சன் கண்டுபிடித்த சில்வியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கன்னியாகுமரியில் வைத்தால் மறுமுனை மதுரையைத் தாண்டும். அதை வெயில் என்ன செய்துவிடும்? பாறை தேடுவதில் நம் தமிழ்நாட்டுக்குப் பழைய பழக்கம் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரிலிருந்து ராஜமோகன் 1988இல் கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

சின்னப் பாறைகள் பாடுதான் திண்டாட்டம். பல சிறுகோள்கள் ஒரே கல் அல்ல; களத்து நெற்குவியல் மாதிரி கல்லும் மண்ணும் சேர்ந்து கிடப்பவை. வேகம் கூடக்கூட மண் நடுவயிற்றுக்குச் சரிந்து பம்பர வடிவம் வந்துவிடும். சுமார் இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தைத் தாண்டினால் குவியலே சிதறிப் போகலாம். சிதறிய துண்டு சில சமயம் அதற்கே நிலாவாகிச் சுற்றுவதும் உண்டு.

செல்போன் பயமுறுத்தும் 'பென்னு'வும் இப்படி ஒரு பம்பரம்தான். சுமார் 490 மீட்டர் அகலம். அதாவது 133 அடி வள்ளுவர் சிலையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கின அளவு. 4.3 மணிக்கு ஒரு சுற்று; அந்த நேரம் நூறு வருஷத்துக்கு ஒரு விநாடி குறைகிறது. நாசா அனுப்பிய கலம் அதிலிருந்து அள்ளிய சுமார் 121 கிராம் மண்ணும் கல்லும் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தன.

இதே வெப்பம் பென்னுவின் பாதையையும் வருஷத்துக்குச் சுமார் 284 மீட்டர் சூரியன் பக்கம் இழுத்துவருகிறது. இந்த நகர்வைக் கணக்கில் சேர்க்காமல் அது எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. சேர்த்துப் பார்த்ததில், 2182 செப்டம்பர் 24 அன்று பூமியில் மோத 2,700இல் ஒரு வாய்ப்பு என்று வந்தது. மோதாமல் போக 2,699 வாய்ப்பு! பிள்ளையிடம் இரண்டையுமே சொல்லுங்கள். "ஒண்ணும் இல்லே, தூங்கு" என்பதைவிட அதற்கு நம்பிக்கை வரும்.

பிறகு ஓர் ஓலைக் காத்தாடி செய்து கொடுங்கள். சுற்றி முடித்ததும் ஓலையை நிமிர்த்தித் தட்டையாக்கிவிட்டு, "இப்போ ஏன் சுத்தலே, சொல்லு?" என்று கேளுங்கள். முள் குத்தும்போது மட்டும் நீங்கள் பக்கத்திலிருங்கள்.