காலி பாட்டிலில் காத்திருக்கும் விஷம்!

சிப்பி ஓட்டையும் வீணாக்காமல், சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிய கடற்கரை தூத்துக்குடிக் கடற்கரை. 1961-ம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால், கையில் கிடைத்ததை வீணாக்காத குணம் நின்றுபோகவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும். மருந்து பாட்டிலில் விளக்கெண்ணெய் இருக்கும். காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைக்காத வீடு உண்டா?

நல்ல பழக்கந்தான். ஆனால், எந்த வீட்டிலும் எடுத்து வைக்கக் கூடாத பாட்டில் ஒன்று உண்டு. அது மின்சிகரெட் திரவம் இருந்த பாட்டில்!

காசு மிச்சமா?

துறைமுக ஊரில் கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். சில நாடுகளில் மின்சிகரெட் கடையிலேயே கிடைக்கும். "வேப்" என்பார்கள். இதில் நெருப்பு கிடையாது. பாட்டரிச் சூட்டில் திரவம் ஆவியாகும். அதை இழுப்பார்கள்.

திரவம் தீர்ந்ததும் பாட்டிலை எறிய மனம் வராது. "நாமே கலந்து ஊற்றிக்கொண்டால் காசு மிச்சம்" என்று ஒரு யோசனை பிறக்கும். கிளிசரின், வாசனை எசென்ஸ், நிகோடின்... இவ்வளவுதானே என்று தோன்றும்.

மிச்சமாவது சில ரூபாய். அதற்குப் பணயம் குழந்தையின் உயிர்!

ஒரு தேக்கரண்டி போதும்

நிகோடின் என்பது புகையிலையில் உள்ள நஞ்சு. பயிரில் அசுவினி விழுந்தால் புகையிலைக் கரைசல் தெளிப்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். அங்கே பூச்சியைக் கொல்வது இந்த நிகோடின்தான்.

ஒரு சிகரெட் குடித்தால் உடம்பில் சேரும் நிகோடின் 1 அல்லது 2 மில்லிகிராம். பிரிட்டனில் சட்டப்படி விற்கும் திரவத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி குடித்தால், 100 மில்லிகிராம் வயிற்றுக்குள் போய்விடும்! வீட்டில் கலப்பதற்கென்று விற்கும் நிகோடின் இதைவிடப் பல மடங்கு கடுமையானது. கையில் சிந்தினால் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

ஆனால், மணப்பதோ மாம்பழம் போல! குழந்தைக்கு அது விஷம் என்று எப்படித் தெரியும்? 2014 டிசம்பரில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை இந்தத் திரவத்தைக் குடித்து இறந்தது. குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடி போட்டே விற்க வேண்டும் என்று 2016 ஜனவரியில் அங்கே சட்டம் வந்தது.

பழைய பாட்டிலில் அந்த மூடி தேய்ந்திருக்கும். இல்லாவிட்டால் வேறு மூடி போட்டிருப்பார்கள். லேபிளும் உரிந்திருக்கும். சொட்டுச் சொட்டாக விழும் அந்தப் பாட்டில் பார்வைக்குக் கண் மருந்து போலவே இருக்கும். பார்வை மங்கிய பாட்டி இராத்திரியில் அதை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டால்?

நுரையீரல் வயிறு அல்ல

2019-ல் அமெரிக்காவில் மின்சிகரெட் இழுத்தவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்கு. அதில் வைட்டமின் ஈ எண்ணெய் சேர்ந்திருந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். மாத்திரையாக விழுங்கினால் வயிறு ஏற்கும் பொருள், ஆவியாக உள்ளே போனபோது நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டது. சாப்பிடத் தகுந்ததெல்லாம் இழுக்கத் தகுந்தது ஆகாது!

"சிகரெட்டை விடுவதற்கு பிரிட்டனில் இதைக் கொடுக்கிறார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால், அங்கே நிகோடின் திரவ பாட்டிலின் அளவு 10 மில்லிக்கு மேல் போகக்கூடாது. என்ன கலந்திருக்கிறது என்று அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நம் அடுப்பங்கரையில் கலப்பதற்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

சட்டமும் விடாது

இந்தியாவில் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டை முழுதாகவோ பாகமாகவோ செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைக்க இடம் கொடுத்தாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிள்ளை கொண்டுவந்ததுதானே என்று பெற்றோர் கண்ணை மூடிக்கொள்வது சரியல்ல.

வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தால், கழுவி வைக்க வேண்டாம். இறுக மூடித் தனியாகக் கட்டுங்கள். விஷ பாட்டில் என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலையும் கொண்டுபோங்கள்.

சிக்கனம் வீட்டை வாழ வைக்கும். ஆனால், விஷத்தை ஊற்றி வைத்த பாட்டிலில் என்ன சிக்கனம்? தூக்கி எறிவதுதான் இங்கே புத்திசாலித்தனம்!