வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியதில்…" என்று தொடங்கும் செய்தியை எனது பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிரதேச நிருபர் தொலைபேசியில் இடத்தையும் நேரத்தையும் சொல்வார். இறந்தவரின் வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கேட்டுக் குறித்துக்கொள்வோம். பொலிஸார் விசாரணை நடத்துகின்றனர் என்ற வரியுடன் செய்தி முடிந்துவிடும். கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி 2023ஆம் ஆண்டு மாரியில், எனது சொந்தக் காரின் சாரதி ஆசனத்தில் இருந்தபோதுதான் எனக்கு எழுந்தது.

கார்த்திகை மாத மழை. மாலை மங்கும் நேரம். ஏ-9 வீதியில் கொடிகாமத்துக்கு அண்மையில், பக்கத்து ஒழுங்கையிலிருந்து பாடசாலைச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் வீதிக்கு ஏறினான். நான் வேகமாகச் சென்றுகொண்டிருக்கவில்லை. பிறேக்கை அழுத்தினேன். காரின் மூக்கு நிலத்தை நோக்கிக் குனிந்தது. முன்சக்கரங்கள் வீதியைப் பற்றிக்கொள்ளாமல், தத்தித் தத்திச் செல்வதைக் கையில் உணர்ந்தேன். கார் நின்றபோது சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எனது காருக்கும் இடையில் ஒரு முழத் தூரமே இருந்தது. சிறுவன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டான். நான் வீதியோரத்தில் காரை நிறுத்திவிட்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன்.

மறுநாள் கராஜுக்குக் கொண்டுசென்றேன். பிறேக் பழுதாகியிருக்கும் என்பதே எனது எண்ணம். மெக்கானிக் ஓர் இளைஞர். பிறேக்கைச் சோதித்து, அது நன்றாகவே இருக்கிறது என்றார். பிறகு முன்பக்க மூலையொன்றில் இரு கைகளையும் ஊன்றி அழுத்திவிட்டு எடுத்தார். கார் எழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது, மீண்டும் தாழ்ந்தது. படகு ஆடுவது போல இருந்தது.

"ஐயா, சொக் ரெண்டும் செத்துப்போச்சு. இது நேற்று இண்டைக்குப் பழுதானதில்லை. நீங்கள்தான் பழகிப்போனியள்," என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

சொக் அப்சோபர் என்பதை அதிர்வுதாங்கி என்று நாம் தமிழில் எழுதி வந்திருக்கிறோம். அது பொருத்தமான பெயரன்று. ஆங்கிலப் பெயரும் அப்படியே. குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவது சுருள்வில். ஆனால் அழுத்திய வில் சும்மா இராது. அது மேலும் கீழும் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கிச் சக்கரத்தை வீதியோடு ஒட்டவைப்பதே சொக்கின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய் ஒன்றும் அதற்குள் பிஸ்ரன் ஒன்றும் இருக்கின்றன. பிஸ்ரனிலுள்ள சிறு துவாரங்கள், வால்வுகள் ஊடாக எண்ணெய் நெருக்கப்பட்டுச் செல்லும்போது துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகிறது. அதிர்வடக்கி என்று நாம் எழுதியிருந்தால், இது சொகுசுக்கான பொருள் என்ற எண்ணம் இவ்வளவு தூரம் பரவியிராது.

பெரும்பாலான இன்றைய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது ஸ்ரட். சுருள்வில்லும் சொக்கும் ஒரே தூணாக இணைந்து, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் உறுப்பாகவும் இருப்பது இது. அமெரிக்கப் பொறியியலாளரான ஏர்ல் மக்பேர்சன் 1940களில் உருவாக்கிய முறை. 1950இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்ட் கொன்சல், ஸெஃபிர் கார்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் அதனை அப்போதே கண்டவர்கள். ஆகவே ஸ்ரட் தளர்ந்தால் சொகுசு மட்டுமன்றிச் சக்கரத்தின் நிலையும் ஸ்ரியறிங்கும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

எங்கள் ஊரின் பழைய மொறிஸ் மைனர்களிலும் ஒஸ்ரின் ஏ-40களிலும் இருந்தவை வேறு வகை. நெம்புகோல் போன்ற கை கொண்ட அந்தச் சொக்குகளில் மூடியைக் கழற்றி எண்ணெய் விடலாம். யுத்தகாலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகமும் வராத யாழ்ப்பாணத்தில் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகளின் கைவண்ணத்தை நான் என்றும் மதிக்கிறேன். ஆனால் அக்காலம் எமக்குக் கற்பித்த பழக்கமொன்று இன்னும் விட்டுப்போகவில்லை. ஓடும்வரை ஓடட்டும், நின்றால் பார்ப்போம் என்பதே அது. அன்று அதைத் தவிர வேறு வழியில்லை. இன்றைய சொக் மூடி அடைக்கப்பட்டது. எண்ணெய் கசிந்தால் மாற்றுவதே முறை. வெட்டித் திறந்து எண்ணெய் மாற்றி ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். எனது காருக்கு அதைச் செய்ய நான் உடன்படவில்லை.

எனக்கு ஒரு சாட்டு இருந்தது; பலருக்கும் அதே சாட்டு இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்குச் சொக்கைப் பற்றி யோசிக்க நேரமிருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோதிலும், புதிய கார் நடுத்தரக் குடும்பத்தின் எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. ஆதலால் பழைய கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. பழைய காரை வைத்திருப்பது குற்றமல்ல. அதன் தளர்ந்த உறுப்பைத் தெரிந்தும் மாற்றாதிருப்பதே குற்றம்.

தெரிந்துகொள்வது எப்படி? எண்பதாயிரம் கிலோமீற்றரில் மாற்றுங்கள் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அது சோதித்துப் பார்ப்பதற்கான ஒரு ஞாபகக்குறி மட்டுமே. செப்பனிட்ட நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் கார் அதற்கு மேலும் தாங்கும். வன்னியின் உள்வீதிகளிலோ, பனிக்காலம் பிளந்துவைக்கும் கனடாவின் குழிவீதிகளிலோ ஓடும் கார் அதற்கு முன்னரே தளரலாம். எண்ணைவிட அறிகுறிகளையே நம்ப வேண்டும்.

பிறேக் பிடிக்கும்போது மூக்குக் குனிகிறதா? குழி கடந்த பின்னும் கார் ஆடிக்கொண்டே இருக்கிறதா? வளைவில் ஒரு பக்கம் சரிகிறதா? சிறு பள்ளத்திலும் முன்சக்கரப் பக்கம் "டொக்" என்ற சத்தம் கேட்கிறதா? ரயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். வரிசையாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் வீதியில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்பது பொருள். சொக்கின் உடலில் இலேசான ஈரப்படலம் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மூலையை அழுத்திப் பார்க்கும் சோதனையும் நல்லதே. விட்டவுடன் ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். ஆனால் இக்காலக் கார்களில், அச்சோதனையில் தேறியதாலேயே சொக் நன்றாக இருக்கிறது என முடிவு செய்யக்கூடாது.

மாற்றும்போது ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு முன்பக்கமும் சேர்த்து, அல்லது இரண்டு பின்பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்ரட் மாற்றினால் சக்கரங்களின் நேர்நிலையையும் சரிபார்க்க வேண்டும். வீட்டில் தாமே கழற்ற முனைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமுக்கி வைக்கப்பட்ட சுருள்வில் தெறித்தால் ஆளையே கொல்லும்.

பிரித்தானியாவில் வாழும் வாசகர்களுக்கு எம்.ஓ.ரி. சோதனை தெரியும். மூன்று வருடம் கடந்த கார் ஆண்டுதோறும் அதற்குப் போக வேண்டும். கடுமையாக எண்ணெய் கசியும் சொக்குடன் அதில் தேற முடியாது. எமது நாட்டில் தனியார் காருக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் பெறக் காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் வேண்டும். சக்கரம் வீதியில் நிற்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. புகையைப் பார்ப்பதற்குக் காரை எப்படியும் ஓரிடத்துக்கு வரவழைக்கிறார்கள். அங்கேயே சொக்கையும் ரயரையும் பார்ப்பதற்கு ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது? ஏழைகளின் மேல் இன்னொரு சுமை என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் பழுதான சொக்கின் முன்னால் சைக்கிளில் போகிறவனும் ஏழைதான்.

எல்லா விபத்துகளுக்கும் சொக்கே காரணம் என நான் சொல்ல வரவில்லை. மதுவும் வேகமும் தூக்கமும் கொன்றவர்களின் செய்திகளையும் நானே எழுதியிருக்கிறேன். நான் சொல்வது, சிறிது சிறிதாகத் தளரும் ஒன்றைச் சாரதி உணர்வதில்லை என்பதையே. ஒவ்வொரு நாளும் அவர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறார். உலர்ந்த வீதியில், வழக்கமான பயணத்தில் அது போதும். ஈரவீதியில் திடீரென நிறுத்த வேண்டிய அந்த ஒரு கணத்தில் போதாது. உங்கள் காரில் அரிதாக ஏறும் ஒருவரை ஏற்றிச் சென்று, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எனது மைத்துனர் ஒரு வருடத்துக்கு முன்பே, "உங்கட கார் தொட்டில் மாதிரி ஆடுது அத்தான்," என்று சொல்லியிருந்தார். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இப்போது பத்திரிகைத் துறைக்கு வரும் இளைய நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தப் பழைய வசனத்தை எழுதுமுன், நொறுங்கிய வாகனத்தின் ரயரையும் பாருங்கள். அது எப்படித் தேய்ந்திருந்தது என்று பொலிஸாரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காமல் போகலாம். நான் கேட்கவே இல்லை.