வெள்ளையாப் படர்ந்தா விஷமா?



நம்ம வகுப்பில் இப்போது நாலைந்து பேர் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறோம். அழகுக்காக உள்ளே ஒரு வேர்க்கட்டையும் போடுகிறோம். போட்ட நாலாம் நாள் கட்டை மேல் பஞ்சு மாதிரி, சளி மாதிரி வெள்ளையாக ஒன்று படருது. உடனே எல்லாரும் சொல்வது இதுதான்: "ஐயய்யோ பூஞ்சை! கட்டையைத் தூக்கி எறி, தொட்டியைக் கழுவு, மருந்து ஊத்து!"

அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. அந்த வெள்ளையால் என் மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. என் அவசரத்தால் மூன்று மீன் செத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்க அண்ணன் காரைக்குடியிலிருந்து ஒரு சின்னத் தொட்டியும் ஆறு கறுப்பு மோலி மீனும் வாங்கி வந்தான். ரெண்டு மாசம் மீன் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கண்மாய்க்கரையில் காய்ந்து கிடந்த கருவேல வேர் ஒன்றை எடுத்து வந்து, கழுவிவிட்டு உள்ளே போட்டேன். ஒரே வாரத்தில் வேர் முழுக்க வெள்ளை. எதிர்வீட்டு மாமா, "மீனுக்கு நோய் வந்துரும், உடனே சுத்தம் பண்ணு" என்றார். நானும் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். காற்று மோட்டாரில் மாட்டியிருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெளுக்க வைத்தேன். புதுக் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றி, நீல மருந்தும் விட்டேன். தொட்டி பளபளன்னு இருந்துச்சு. மறுநாள் காலையில் மூன்று மோலி மேலே மிதந்தது. மற்ற மூன்றும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஏன் செத்தது? நைட்ரஜன் சுழற்சி நாம் பாடத்தில் படித்ததுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். நான் சோப்புப் போட்டு அந்தப் பாக்டீரியாவைத்தான் கழுவி ஊற்றியிருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் கிருமி சாவதற்காகக் குளோரின் போடுகிறார்கள். நமக்கு அது நல்லது. மீனின் செவுளுக்கும் தொட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. பரீட்சையில் அம்புக்குறி போட்டு எழுதி மார்க் வாங்கினேன், வீட்டுத் தொட்டியில் அது நடக்குதுன்னு எனக்குத் தோணவே இல்லை.

சரி, அந்த வெள்ளை என்ன? பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து போட்ட ஒரு படலம். புதுக் கட்டை தண்ணீரில் ஊறும்போது அதிலிருக்கும் சர்க்கரைச் சத்து கசியும். அதைத் தின்னத்தான் இவை வருகின்றன. சத்துத் தீர்ந்தால் தானாகவே மறைந்துவிடும். பெரும்பாலும் சில வாரம்தான். வைரம் பாய்ந்த கட்டையில் இது குறைவாக வரும். வைரம் ஏறாத வெளிப்பகுதியிலும் இளம் கட்டையிலும் அதிகம் வரும். பர்மாத் தேக்கில் செய்த நம்ம ஊர்ப் பெரிய வீட்டுத் தூண்களை இவ்வளவு காலமாகப் பூஞ்சை அரிக்காததற்கும் தேக்கின் வைரத்தில் இருக்கும் எண்ணெய்ச் சத்து ஒரு காரணம்.

காட்டு ஓடையில் விழும் இலையையும் சுள்ளியையும் இதே மாதிரி பூஞ்சைகள்தான் மெத்தென்று ஆக்குகின்றன. அதன் பிறகுதான் நீர்ப்பூச்சிகள் அதை விரும்பித் தின்னும். அந்தப் பூச்சியை மீன் தின்னும். 1942-ல் இங்கிலாந்தில் இங்கோல்டு என்ற விஞ்ஞானி, ஓடையில் அழுகும் இலைகளில் இப்படிப்பட்ட நீர்ப்பூஞ்சைகள் பலவற்றைக் கண்டு எழுதினார். நாம் "சீ" என்று சொல்வது ஓடையில் சாப்பாட்டுப் பந்தியின் முதல் இலை!

எங்க அப்பத்தா எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. நான் அழுததைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏத்தா, கிணத்துல போடுற நெல்லிக்கட்டையும் மொதல்ல வழவழன்னுதான் இருக்கும். அதுக்காகக் கிணத்தைத் தூர்த்துட்டோமா?"

அந்தக் கேள்விதான் என்னை மாற்றியது. அதே வேரை ஒரு மணி நேரம் வேகவைத்தேன். இரண்டு வாரம் வாளியில் ஊறப்போட்டு, தண்ணீரை அப்பப்போ மாற்றினேன். பிறகு தொட்டியில் போட்டேன். திரும்பவும் வெள்ளை வந்தது, ஆனா முன்னைவிடக் கம்மி. இந்தத் தடவை நான் கையை வைக்கவில்லை. நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பத்தாம் நாள் அதிகமாக இருந்தது. இருபதாம் நாள் அங்கங்கே மெலிந்தது. மிச்சமிருந்த மூன்று மோலியும் அதைக் கொத்திக் கொத்தித் தின்றன. முப்பத்து நாலாம் நாள் வேர் மேல் ஒன்றுமே இல்லை. மீன் மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

"பார்க்க அசிங்கமா இருக்கே" என்று எங்க அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அசிங்கமாக இருந்தால் கட்டையை வெளியே எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடலாம், தப்பில்லை. சோப்பு மட்டும் கூடாது. 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங், தட்டில் பூஞ்சை வந்துவிட்டதே என்று உடனே கழுவி வைத்திருந்தால் நமக்குப் பெனிசிலின் எப்போது கிடைத்திருக்குமோ! நிதானமாகப் பார்த்ததால்தான் கண்டுபிடித்தார்.

இன்னொரு யோசனையும் சிலர் சொல்கிறார்கள். "டேங்க் கிளீனர் மீன் ஒண்ணு வாங்கி விடு, எல்லாத்தையும் தின்னுரும்." இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தச் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல் போகும். சின்னத் தொட்டி தாங்காது. அப்புறம் என்ன செய்வோம்? "பாவம், பொழச்சுப் போகட்டும்" என்று ஊரணியிலோ கண்மாயிலோ விடுவோம். அங்கேதான் ஆபத்து. முள்ளும் ஓடுமாக இருப்பதால் வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். தமிழ்நாட்டு ஏரிகளில் இது ஏற்கெனவே பெருகி, மீன் பிடிப்பவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. 2018-ல் கேரளாவில் வெள்ளம் வந்தபோது, வளர்ப்பு மீனான அரபைமா தப்பிப்போய் ஆற்றில் பிடிபட்டது. அங்கே வெள்ளம் கொண்டுபோனது. இங்கே நாமே குடத்தில் தூக்கிப் போய் விடலாமா? நம்ம கண்மாயில் கெளுத்தியும் விராலும் கெண்டையும் இருக்கணும் என்றால், முப்பது நாள் வெள்ளையைப் பொறுத்துக்கொள்வது பெரிய கஷ்டமா?

தோழர்களே, நினைவில் வைக்க:

1. கட்டையை வேகவைத்து, ஊறவைத்துப் பிறகு போடுங்கள். தண்ணீர் டீ நிறமானால் பயப்படாதீர்கள். அது கடுக்காயில் இருப்பது போன்ற துவர்ப்புச் சத்துதான்.

2. அரளிக்கட்டை விஷம், வேண்டவே வேண்டாம். பெயின்ட், வார்னிஷ் அடித்த கட்டையும் கூடாது.

3. ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

4. தீனி கொஞ்சமாகப் போடுங்கள். மிச்சத் தீனியிலும் பூஞ்சை வரும்.

5. பயப்பட வேண்டிய நேரமும் உண்டு. வெள்ளைப் பஞ்சு மீன் உடம்பிலேயே இருந்தால் அது நோய். அந்த மீனைத் தனியாக வைத்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் கட்டை அமுங்கினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ கட்டையை எடுத்துவிடுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் காற்று மோட்டாரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.

"பதறாத காரியம் சிதறாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பதறினேன், மூன்று மோலி போச்சு. அதைக் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுத் தொட்டியில் வெள்ளை படர்ந்தால், கையை விடும் முன் ஒரு நோட்டை எடுத்துத் தேதி போடுங்கள். முதலில் பார்ப்போம்! பிறகு செய்வோம்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
நெற்குப்பை.