ஊதினா தெரியுமாம் கேன்சர்!

எங்க பெரியப்பாவுக்கு ஒரு மாசமா இருமல். டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியாச்சு. இவரோ, "அதெல்லாம் எதுக்குடா? இனிமே ஒரு குழாயில ஊதினா போதுமாம், கேன்சர் இருக்கா இல்லையான்னு மெஷினே சொல்லிடுமாம்" என்று வாட்சப்பில் வந்த செய்தியை நீட்டுகிறார். வந்ததே எனக்குக் கோபம்! பெரியப்பா மேல இல்லீங்க. அந்தத் தலைப்பை எழுதின புண்ணியவான் மேல.

மெஷின் பொய்யில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பேர். மூச்சில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, எடைவாரியாகப் பிரித்துக் காட்டிவிடும். மூச்சில் சுமார் 250 பொருட்கள் இருப்பதை லைனஸ் பாலிங் குழுவினர் வாயு குரோமட்டோகிராஃபி மூலம் 1971-லேயே சொல்லிவிட்டார்கள். ஆக, கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமில்லை. கண்டுபிடிச்சதுக்கு என்ன அர்த்தம்? அங்கதான் உதைக்குது.

பட்டினி கிடந்தால் மூச்சில் அசிட்டோன் கூடும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனாலும் கூடும். சிகரெட் பிடித்தால் பென்சீன். அறையில் பெயின்ட் வாசம் இருந்தா அதுவும் உள்ளே போய் வெளியே வரும். இதில் எது வியாதி, எது வீட்டுச் சுவர்?

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்டிஏ, கோவிட்டுக்கான ஒரு மூச்சுப் பரிசோதனைக்கு அவசர அனுமதி கொடுத்தது. மூணு நிமிஷத்துக்குள் ரிசல்ட். ஆய்வில், நோய் இருந்தவர்களில் 91.2 சதவீதம் பேரையும் இல்லாதவர்களில் 99.3 சதவீதம் பேரையும் சரியாகச் சொன்னது. பிரமாதம்தானே? அதே துல்லியத்தில் கேன்சருக்கு ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் ஊதுகிறார்கள், அதில் 100 பேருக்கு நோய். மெஷின் 91 பேரைப் பிடிக்கும், 9 பேரை விட்டுவிடும். நோயே இல்லாத சுமார் 700 பேருக்கு 'இருக்கு' என்று சொல்லும். அந்த 700 குடும்பத்தின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு? 'ஒண்ணுமில்லை'ன்னு வீட்டுக்குப் போற அந்த 9 பேருக்கு?

நான் மூச்சுப் பரிசோதனைக்கு எதிரி இல்லை. வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதை உடைக்கும். அந்தக் கார்பன் மூச்சோடு வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டிக்கொடுக்கும். ஊரறிந்த, நம்பகமான பரிசோதனை. காரணம், அங்கே நாமே அடையாளம் போட்டு அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். இருநூத்தம்பது வாசனையைக் கிளறி ஜோசியம் பார்க்கலை.

நுரையீரல் கேன்சருக்கு ஸ்கேனைத் தூக்கிப் போடும் ஊதல் மெஷின் இன்னும் ஆஸ்பத்திரி வழக்கத்துக்கு வரலை. ஆராய்ச்சி நடக்கட்டும், வரட்டும், சந்தோஷம். ஆனா 'வரலாம்' என்பதை 'வந்தாச்சு' என்று எழுதுறீங்களே, அந்த ஒரு வார்த்தையில் ஒருத்தர் ஸ்கேனைத் தள்ளிப் போடுறார் சார்!

நாளைக்குக் காலையில பெரியப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன். திட்டிக்கிட்டேதான் வருவார். வரட்டும்.