கோர்ட்டு யாத்திரை

கோயில் யாத்திரை போகிறவர்கள் உண்டு. நாமோ சேலத்திலிருந்து நாமக்கல் வரையில் மோட்டாரில் சென்று கோர்ட்டுகளைத் தரிசித்து வந்தோம்! உடன் வந்த இளைஞர்களுக்கு வேறு நோக்கம். யாரோ ஒளித்து வைத்த டப்பியைச் செயற்கைக்கோள் காட்டும் வழியில் தேடும் விளையாட்டு அது. 'ஜியோகேஷிங்' என்று பெயர். 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது.

சேலத்தில் நமக்குப் பழைய வழக்கு ஒன்று நினைவு வந்தது. 1882-ம் ஆண்டுக் கலகத்தைத் தூண்டியதாக விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷத் தீவாந்தர சிட்சை விதித்தார்கள். சென்னை ஹைக்கோர்ட்டு அவரை விடுவித்தது. 1920-ல் நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் அவரே.

அவர் வக்கீல், நீதிக்கு வழி தெரிந்தவர். நாமக்கல்லில் இளைஞர்களுக்கு டப்பி அகப்பட்டது. மரத்தடியில் வாய்தாவுக்குக் காத்திருந்த குடியானவருக்கு வழிகாட்டுவது எந்தச் செயற்கைக்கோளோ?